பெயரில்லாப் பிறவியைப் படைத்த பெண்மணி

ஒரு நூலின் புகழ் வளர்ந்து வளர்ந்து, இறுதியில் அதனை எழுதியவரையே மறைத்துவிடுவது இலக்கிய வரலாற்றிற் புதுமையன்று. பிராங்கென்ஸ்டைன் என்ற பெயரைக் கேளாதார் இன்று அரியர். சதுரத் தலையும், கழுத்தின் இருமருங்கும் இரும்பு முளைகளும், பாரமான சப்பாத்துக்களும், தள்ளாடும் நடையுங் கொண்ட ஓருருவம் அப்பெயரைக் கேட்டமாத்திரத்தே மனக்கண்முன் வந்து நிற்கும். ஆயின் அந்த உருவம் நூலில் எங்கும் இல்லை. அப்பெயர் அவ்வுருவத்துக்கு உரியதுமன்று. அதனை ஆக்கிய மாணவனுக்கே உரியது. அந்நூலை எழுதத் தொடங்கியபோது அதன் ஆசிரியை பதினெட்டு வயது இளம்பெண் என்பதோ, அவ்வுருவத்தை நன்கறிந்தவருட் பலரும் அறியாத செய்தி. ஒரு நூலை நாடகமும் திரைப்படமும் சித்திரக் கதையும் எவ்வெவ்வாறு மாற்றிவிடுகின்றன என்பதை ஆராய விரும்புவோர்க்கு மேரி ஷெல்லியின் வரலாற்றைப் போல் துணைசெய்வது வேறொன்றில்லை.

தாயின் கல்லறை

மேரி 1797ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆந் தேதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். தாய் மேரி வுல்ஸ்ரன்கிராப்ற், பெண்களின் உரிமைகளை வலியுறுத்தி 1792இல் நூல் எழுதி ஐரோப்பாவெங்கும் பேசப்பட்டவர். தந்தை வில்லியம் கொட்வின், அரசியல் நீதி பற்றி 1793இல் எழுதிய பெருநூலாற் புகழ்பெற்ற சிந்தனையாளர். மனிதனின் குணம் பிறப்பில் அமைவதன்று, அவன் வாழும் சூழலே அதனை உருவாக்குகின்றது என்பது கொட்வினின் கொள்கை. மகளின் நூலை விளங்கிக்கொள்வதற்கு இக்கொள்கையை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

இத்தகைய இருவருக்கு மகளாகப் பிறந்த பேறு மேரிக்கு வாய்த்தது. தாயோடு வாழும் பேறு வாய்க்கவில்லை. மகவு பிறந்த பதினோராம் நாள், பிரசவக் காய்ச்சலால் தாய் இறந்தார். சென் பங்கிராஸ் தேவாலய முற்றத்திலிருந்த தாயின் கல்லறையே சிறுமி மேரிக்குத் தாய்மடியாயிற்று. நூல்களை எடுத்துச் சென்று அங்கேயிருந்து படிப்பது அவர் வழக்கம். 1801இல் தந்தை மறுமணஞ் செய்துகொண்டார். மாற்றாந்தாய்க்கும் மேரிக்கும் ஒத்துப்போகவில்லை. ஆயினும் தந்தையின் வீட்டில் நூல்களுக்குக் குறைவிருக்கவில்லை. அறிஞர் வருகைக்கும் குறைவிருக்கவில்லை. கவிஞர் கோல்றிட்ஜ் தம் பாடலை ஓதக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர்.

அவ்வீட்டிற்கு வந்துபோனவருள் ஒருவர் பேர்சி பைஷ் ஷெல்லி. கொட்வினின் கொள்கைகளிலே பேரார்வங் கொண்ட இளங்கவிஞர், ஏற்கெனவே மணமானவர். 1814 ஜூலை 28ஆந் தேதி, பதினாறு வயது மேரி அவரோடு பிரான்சுக்குப் புறப்பட்டுச் சென்றார். கட்டற்ற வாழ்வை ஏட்டிலே போற்றிய தந்தை, மகள் அவ்வாறு நடந்தபோது கதவை அடைத்துக்கொண்டார். 1815 பெப்ரவரியில் மேரிக்குக் குறைமாதத்திற் பிறந்த பெண்குழந்தை இரு வாரங்களில் இறந்தது. அக்குழந்தை உண்மையில் இறக்கவில்லை, குளிரால் விறைத்திருந்தது, அடுப்பின் முன் வைத்துத் தேய்த்ததும் உயிர்த்தெழுந்தது என்று தாம் கண்ட கனவொன்றை அவர் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். உயிரற்ற உடலுக்கு உயிரூட்டும் எண்ணம், விஞ்ஞானக் கூடத்துக்கு வருமுன்னர், பிள்ளையை இழந்த தாயின் கனவிலே தோன்றிவிட்டது.

கோடை இல்லாத ஆண்டு

1815 ஏப்ரலிலே, இன்றைய இந்தோனீசியாவின் சும்பாவா தீவிலுள்ள தம்போரா எரிமலை பேராற்றலோடு வெடித்தது. வானிற் பரவிய துகள்கள் ஞாயிற்றொளியைத் தடுத்தமையால், 1816ஆம் ஆண்டு ஐரோப்பாவிற் கோடையே இல்லாத ஆண்டாயிற்று. பயிர்கள் அழிந்தன, மழை ஓயவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஜெனீவா ஏரிக்கரையிலே பைரன் பிரபு தங்கியிருந்த தியோதாதி மாளிகையில் ஒரு சிறு கூட்டங் கூடியது. பைரன், அவருடைய மருத்துவர் பொலிடோரி, ஷெல்லி, மேரி, மேரியின் மாற்றாந்தாயின் மகள் கிளெயர் ஆகிய ஐவரே அக்கூட்டத்தினர்.

வெளியே செல்ல இயலாது அடைபட்டிருந்தோர், பிரெஞ்சு மொழியிற் பெயர்க்கப்பட்ட ஜேர்மானியப் பேய்க்கதைகளைப் படித்துப் பொழுதுபோக்கினர். ஒவ்வொருவரும் ஒரு பேய்க்கதை எழுதவேண்டும் என்று பைரன் பந்தயம் வைத்தார். பெருங்கவிஞர் இருவரும் தொடங்கியதை இடையிற் கைவிட்டனர். பொலிடோரி பைரனின் கதைக்கருவை எடுத்து எழுதிய இரத்தக்காட்டேறிக் கதை 1819இல் வெளிவந்து, பின்னாளில் எழுந்த திராகுலா முதலிய கதைகளுக்கெல்லாம் முன்னோடியாயிற்று. மேரிக்கோ பல நாளாகக் கரு ஒன்றுந் தோன்றவில்லை. உயிரின் மூலம் யாது என்பதுபற்றி இரவிலே நடந்த உரையாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். இறந்த தவளையின் கால்கள் மின்சாரத்தால் துடிப்பதைக் கல்வானி காட்டியதும், அவருடைய உறவினர் அல்தினி 1803இல் இலண்டனிலே தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடல்மீது அத்தகைய சோதனையை நடத்தியதும் அக்காலத்தில் யாவரும் அறிந்த செய்திகள். ஓரிரவு, தான் ஆக்கிய உருவம் உயிர்பெறக் கண்டு அஞ்சியோடும் மாணவனொருவனின் காட்சி மேரியின் உள்ளத்தெழுந்தது. மறுநாளே எழுதத் தொடங்கினார்.

அந்நூல் எழுதப்பட்ட மாதங்கள் துயரம் நிறைந்தவை. 1816 ஒக்டோபரில் மேரியின் தமக்கை பானி தற்கொலை செய்துகொண்டார். டிசெம்பரில் ஷெல்லியின் முதல் மனைவி ஹரியெற் நீரில் மூழ்கி இறந்தமை தெரியவந்தது. அம்மாத முடிவில் மேரியும் ஷெல்லியும் மணஞ் செய்துகொண்டனர். 1818 ஜனவரியில் நூல் மூன்று பாகங்களாக, ஐந்நூறு பிரதிகளே கொண்ட பதிப்பாக வெளிவந்தது. ஆசிரியர் பெயர் அதிற் காணப்படவில்லை. முன்னுரையை ஷெல்லி எழுதியிருந்தமையாலும், கொட்வினுக்கு நூல் காணிக்கையாக்கப்பட்டிருந்தமையாலும், ஷெல்லியே ஆசிரியர் எனப் பலர் கருதினர். நூலைப் பாராட்டி மதிப்புரை எழுதிய சேர் வோல்ற்றர் ஸ்கொட்டும் அவ்வாறே எண்ணினார்.

நூலில் உள்ள பிறவி

மேரி படைத்த பிறவி பேச்சறியாத பூதமன்று. எட்டடி உயரமுள்ள அவ்வுரு, பிறந்த கணத்திலேயே தன்னை ஆக்கியவனாற் கைவிடப்படுகின்றது. காட்டிலே அலைந்து, ஓர் ஏழைக் குடும்பத்தின் குடிசையருகே ஒளிந்திருந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு மொழி கற்கின்றது. கண்டெடுத்த நூல்களினின்று மில்ரனையும் புளூட்டாக்கையும் கேதேயையும் படிக்கின்றது. அக்குடும்பத்தார்க்கு விறகு சேர்த்து மறைவில் உதவுகின்றது. கண்பார்வையற்ற முதியவர் அதனோடு அன்பாகப் பேசுகின்றார். கண்ணுள்ளோர் அடித்துத் துரத்துகின்றனர். பின்னரே அது கொடுமையில் இறங்குகின்றது. தன்னை ஆக்கியவனைப் பனிமலையிற் சந்தித்து, தன் வழக்கை அது எடுத்துரைக்கும் அதிகாரங்களே நூலின் நடுநாயகம். படைத்தவனுக்குப் படைப்பின்மீது கடமை உண்டா என்ற வினாவை அங்கே அப்பிறவியே எழுப்புகின்றது. அன்பு பெறாத உயிர் தீயதாகின்றது என்பது அதன் வாதம். கொட்வினின் கொள்கை அங்கே கதையுருவம் பெறுகின்றது. தாயற்று வளர்ந்து, தந்தையாலும் ஒதுக்கப்பட்ட ஒருவரே இவ்வாதத்தை இவ்வளவு வன்மையோடு எழுதியிருத்தல் கூடும்.

மேடையில் ஏறிய கதை

நூல் வெளிவந்த பின்னரும் துயரம் மேரியை விட்டபாடில்லை. 1818இல் வெனிஸ் நகரில் மகள் கிளாரா இறந்தாள். 1819இல் உரோமையில் மகன் வில்லியம் இறந்தான். 1822 ஜூலை 8ஆந் தேதி, இத்தாலியக் கடலிற் படகு மூழ்கி ஷெல்லியும் இறந்தார். இருபத்து நான்கு வயதில் விதவையாகி, எஞ்சிய ஒரே மகனோடு 1823 ஓகஸ்ட் மாதம் மேரி இலண்டனுக்கு மீண்டார். மீண்டபோது, தாம் நாடகத்தாற் புகழ்பெற்றுவிட்டதை அறிந்தார். றிச்சட் பிறின்ஸ்லி பீக் என்பார் எழுதிய தழுவல் நாடகம் ஜூலை 28ஆந் தேதி முதல் மேடையில் நடந்துகொண்டிருந்தது. தந்தையும் அந்தச் சந்தர்ப்பத்தில் நூலை ஆசிரியர் பெயரோடு மறுபதிப்புச் செய்வித்தார். நாவலைத் தழுவி நாடகம் எழுதுவோர் நாவலாசிரியருக்கு எதுவுங் கொடுக்கவேண்டும் என்ற சட்டம் அந்நாளில் இல்லை.

ஓகஸ்ட் 29ஆந் தேதி மேரி அந்நாடகத்தைச் சென்று பார்த்தார். நடிகர் பட்டியலில் அப்பிறவிக்குரிய இடத்திற் பெயருக்குப் பதிலாக வெறுங் கோடே இடப்பட்டிருந்தது. பெயரற்றதைப் பெயரிடாமலே சுட்டிய அம்முறை அவருக்குப் பிடித்திருந்தது. அவ்வேடந்தாங்கிய ரி. பி. குக்கின் நடிப்பையும் அவர் மெச்சினார். கதை நடத்தப்பட்ட முறையை மட்டும் அவ்வளவாக ஏற்கவில்லை. தம் படைப்பு மாற்றப்பட்டது கண்டு சீறாது, நல்லதை நல்லதென்று கொண்ட அப்பெருந்தன்மை தழுவல்களைக் கண்டு கொதிக்கும் இரசிகர் யாவரும் கற்கவேண்டியதாம். ஆயினும் பீக் ஒரு காரியஞ் செய்துவிட்டார். அப்பிறவியின் பேச்சைப் பறித்து அதனை ஊமையாக்கினார். நூலில் இல்லாத உதவியாளன் ஒருவனையும் சேர்த்தார். அன்று மேடையிற் பறிபோன நா மீண்டும் கிடைக்க நெடுங்காலஞ் சென்றது.

மேரி அதன்பின் பேனாவையே நம்பி வாழ்ந்தார். கொள்ளைநோயால் மனிதகுலம் அழிந்து ஒருவன் மட்டும் எஞ்சும் எதிர்காலத்தைக் கூறும் நாவலை 1826இல் வெளியிட்டார். இருபத்தோராம் நூற்றாண்டின் இறுதியிலே நிகழ்வதாக அமைந்த அந்நூல், வெளிவந்த நாளில் இகழப்பட்டு, 1965இலேயே மறுபதிப்புப் பெற்றது. 1831இல் பிராங்கென்ஸ்டைனைத் திருத்தி, அது பிறந்த கதையை முன்னுரையிற் கூறி வெளியிட்டார். மாமனார் சேர் திமொதி ஷெல்லி, கவிஞரின் வாழ்க்கை வரலாற்றை எழுதலாகாது என்ற நிபந்தனையோடே பேரனுக்குப் பணவுதவி செய்தார். மேரி அந்நிபந்தனையை மீறவில்லை. 1839இற் கணவரின் கவிதைகளைப் பதிப்பித்தபோது, பாடல்களுக்கு எழுதிய குறிப்புக்களிலே வரலாற்றை அமைத்துவிட்டார். ஷெல்லியின் கவிதைப் புகழ் நிலைத்தமைக்கு அப்பதிப்பு ஒரு பெருங் காரணம். 1851 பெப்ரவரி 1ஆந் தேதி, ஐம்பத்து மூன்றாம் வயதில் மேரி இலண்டனிற் காலமானார். பெற்றோரின் எச்சங்களும் சென் பங்கிராஸிலிருந்து கொணரப்பட்டு, மூவரும் போர்ண்மத் நகரில் ஒருங்கே அடக்கஞ் செய்யப்பட்டனர்.

திரையும் சித்திரமும்

எடிசனின் நிறுவனம் 1910இற் குறும்படமாக இக்கதையை முதலிற் படமாக்கியது. 1931இல் ஜேம்ஸ் வேல் நெறிப்படுத்திய படமே உலகறிந்த உருவத்தைத் தந்தது. சதுரத் தலையும் முளைகளும் ஒப்பனைக் கலைஞர் ஜக் பியேர்சின் கைவண்ணம். படத்தின் தொடக்கத்தில் அவ்வேடத்துக்கு நேரே பொறிஸ் கார்லொவின் பெயருக்குப் பதிலாகக் கேள்விக்குறி இடப்பட்டது. 1823இன் கோட்டுக்கு அது நேர் வாரிசு. அந்நடிகர் ஊமை வேடத்திலும் கண்களாலே இரக்கத்தை வருவித்தார். அத்திறமையை எவரும் மறுக்கார். எனினும், குற்றவாளி ஒருவனின் மூளை அவ்வுடலில் வைக்கப்பட்டதாகப் படம் கூறியது. இது சிறு மாற்றமன்று. தீமைக்குக் காரணம் புறக்கணிப்பு என்றார் மேரி. மூளையின் பழுது என்றது படம். கைவிட்டவன் மீதிருந்த பழி, கைவிடப்பட்டவன் மீது சுமத்தப்பட்டது. 1935இல் வந்த தொடர்ச்சிப் படத்தில் வேல் அப்பிறவிக்குச் சில சொற்களைப் பேசக் கொடுத்தார். மேரியாகவும், அப்பிறவிக்கென ஆக்கப்பட்ட மணமகளாகவும் எல்சா லான்செஸ்டர் என்ற ஒரே நடிகை அதில் தோன்றியது நுட்பமான கற்பனை.

சித்திரக் கதைகளின் வரலாறும் இதுவே. 1945இல் அமெரிக்காவின் இலக்கியச் சித்திரக் கதை வரிசையின் 26ஆம் இதழ் மூலக்கதையைப் பெரிதும் ஒட்டிச் சென்றது. 1962இல் ஸ்ரான் லீயும் ஜக் கேர்பியும் படைத்த ஹல்க் என்னும் பச்சை மனிதன், தன் வலிமையாலேயே உலகால் வெறுக்கப்படும் அப்பிறவியின் வழித்தோன்றலே. ஓவியர் பேர்ணி றைற்சன், முழு நூலுக்கும் பேனாவால் வரைந்த நுண்ணிய சித்திரங்களை 1983இல் மூலவாசகத்தோடு வெளியிட்டார். படம் சொல்லை விழுங்காது அதற்கு ஒளியூட்டும் என்பதற்கு அது சான்று. விஞ்ஞானப் புனைகதை முழுவதற்கும் இந்நூலே தொடக்கம் என்று எழுத்தாளர் பிறையன் ஆல்டிஸ் 1973இல் வாதிட்டபின், மேரியின் இடம் மேலும் உறுதியாயிற்று. இலண்டன் தேசிய அரங்கு 2011இல் நடத்திய நாடகம் அப்பிறவியின் பிறப்போடு தொடங்கியது. படைத்தவனாகவும் படைப்பாகவும் இரு நடிகர் வேடம் மாறி மாறி நடித்தனர். கியேர்மோ தெல் தோரோ 2025இல் வெளியிட்ட படமும் கதையின் ஒரு பகுதியை அப்பிறவியின் வாயாலேயே கூறவைத்தது.

தழுவல் மூலத்தை அடியொற்றியே செல்லவேண்டும் என்பது நம் கட்சியன்று. ஊரை மாற்றலாம், பெயரை மாற்றலாம், முடிவையும் மாற்றலாம். மேரியே அதனைப் பொறுத்தார். ஆயின் ஒவ்வொரு தழுவலையும் நாம் ஒரு கேள்வியால் அளந்து பார்க்கலாம்: அப்பிறவி தன் வழக்கைச் சொல்ல இடம் பெற்றதா? பெற்றதாயின், எவ்வளவு மாறினும் அது மேரியின் பிள்ளையே. பெறாவிடின், எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் அது வேறொருவர் வீட்டுப் பிள்ளை. தம் பெயரின்றி வெளிவந்த நூலிலே, பெயரில்லாத ஓருயிருக்குப் பேச நாக்கொடுத்தவர் அவர். அந்த நாவைக் கேட்க விரும்பும் மாணவர், திரையிற் கண்ட உருவத்தைச் சற்றே மறந்து, நூலின் பனிமலை அதிகாரங்களைத் திறந்து படிப்பாராக.