தீட்டைக் கேள்வி கேட்ட சோயராபாய்

தீட்டு என்ற சொல் நம் பெண்கள்மேல் இரண்டு முறை விழுகிறது. சேரியில் பிறந்ததற்காக ஒரு முறை, மாதந்தோறும் இன்னொரு முறை. இரண்டையும் சேர்த்துக் கடவுளிடமே கணக்குக் கேட்டவர் சோயராபாய். 14ஆம் நூற்றாண்டில் மராட்டிய மண்ணில் வாழ்ந்தவர்.

அண்ணல் அம்பேத்கர் பிறந்த அதே மகர் சாதி. பண்டரிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள மங்கள்வேடாதான் ஊர். செத்த மாட்டை இழுப்பதும் ஊர்க்காவலும் மகர்கள் தலையில் இருந்தன. கூலி என்று கிடைத்தது பெரும்பாலும் மிச்சம் மீதிச் சோறு. கணவர் சோக்கமேளர் விட்டலனைப் பாடியவர். ஆனாலும் விட்டலன் கோயிலுக்குள் அவர் கால் வைக்க முடியாது. மகன் கர்மமேளர், நாத்தனார் நிர்மளா, நிர்மளாவின் கணவர் பங்கா என்று வீடே பாடியது.

சோயராபாயைச் சோக்கமேளரின் மனைவி என்று மட்டும் அறிமுகம் செய்கிறார்கள். நமக்கு அதில் உடன்பாடில்லை. அவர் பெயரில் அறுபதுக்கும் மேற்பட்ட அபங்கங்கள் கிடைத்திருக்கின்றன. அபங்கம் என்பது மராத்தி பக்திப் பாட்டு. பாட்டின் முடிவில் பாடியவர் தன் பெயரை வைப்பது வழக்கம். சோயராபாய் தன்னைச் சோக்காவின் மகர் பெண் என்றே வைத்தார். எந்தச் சாதியைச் சொல்லி வாசலில் நிறுத்தினார்களோ, அதையே கையெழுத்தாகப் போட்டார்.

தீட்டைப் பற்றிய அவருடைய அபங்கம் பெயர் பெற்றது. உடம்பு தீட்டு என்கிறார்கள்; தீட்டில்லாமல் உண்டான உடம்பு உலகில் எது என்பதுதான் அதன் கேள்வி. தாய் வயிற்றில் உண்டாகாதவர் யாரும் இல்லையே! அர்ச்சகருக்கும் சேர்த்துத்தான் அந்தக் கேள்வி என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கேட்டுவிட்டார். மாதவிலக்கு நாளில் மகளைத் திண்ணையில் உட்கார வைக்கும் வீடுகள் நம் தெருவிலேயே இன்றும் இருக்கின்றன.

பேறுகாலத்தில் கணவர் வீட்டில் இல்லை, விட்டலனே நாத்தனார் உருவில் வந்து பிரசவம் பார்த்தான் என்று ஒரு கதை சொல்வார்கள். அதிசயத்தை விடுங்கள். பிள்ளை பெறும் நேரத்தில் ஒரு மகர் பெண் துணைக்கு ஆளில்லாமல் கிடந்தாள் என்பதே நம் காதில் விழுகிறது.

1338இல் மங்கள்வேடாவில் மதில் வேலையின்போது சுவர் இடிந்து சோக்கமேளர் இறந்தார். அவர் சமாதி பண்டரிபுரம் கோயில் வாசல் படியருகே, வெளியேதான் இருக்கிறது. அந்தக் கோயில் நம் மக்களுக்குத் திறந்தது 1947இல், சானே குருஜி உண்ணாவிரதம் இருந்த பிறகு. அடுத்த ஆண்டு அம்பேத்கர், தீண்டப்படாதோர் பற்றிய தம் நூலை நம் நந்தனாருக்கும் ரவிதாசருக்கும் சோக்கமேளருக்கும் காணிக்கையாக்கினார். சோயராபாய் பெயர் அதில் இல்லை. நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டும்.