முதல் சம்பளம் ஆறு பவுண்டு: கிறிஸ்துமஸ் அட்டையில் தொடங்கிய பியாட்ரிக்ஸ் பாட்டர்

இந்த டிசம்பரில் வாட்டர் கலரில் மணி, நட்சத்திரம், ஹோலி இலை என்று வரைந்து கையாலேயே கிறிஸ்துமஸ் அட்டை செய்கிறீர்களா? உங்களுக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். 2018-இல் படமாக வந்த பீட்டர் ராபிட்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த முயலை உருவாக்கிய பியாட்ரிக்ஸ் பாட்டர் வரைந்து சம்பாதித்த முதல் காசு, கதைப் புத்தகத்தால் வந்ததல்ல. கிறிஸ்துமஸ் அட்டையால் வந்தது.

செண்டாயானில் இருந்து பார்த்தால் அவருடைய லண்டன் ரொம்ப தூரம்தான். ஆனால் அவர் கதையின் கடைசிப் பகுதி நமக்கு நன்றாகவே புரியும்.

1866-இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அனுப்பவில்லை, வீட்டுக்கே ஆசிரியைகள் வந்தார்கள். நண்பர்கள் குறைவு. அதனால் பியாட்ரிக்ஸும் தம்பி பெர்ட்ரமும் தவளை, பல்லி, எலி, வௌவால் என்று கிடைத்ததையெல்லாம் வளர்த்தார்கள். செத்துப்போன பிராணிகளை வேகவைத்து எலும்புகளைப் பார்த்தே வரைவார்கள். முகம் சுளிக்காதீர்கள். அவர் வரைந்த முயல் சட்டை போட்டு நின்றாலும் நிஜ முயலாகவே தெரிவதற்கு இதுதான் காரணம்.

ஒரு முயல், ஆறு படங்கள்

1890. வயது 23. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரு சின்ன அச்சு இயந்திரம் வாங்க ஆசை, கையில் காசில்லை. படங்களை விற்றுப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னவர் வேதியியல் அறிஞரான மாமா ஹென்றி ராஸ்கோ. காகிதப் பையில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்த பெஞ்சமின் என்ற முயலை மாடலாக வைத்து, பியாட்ரிக்ஸ் ஆறு படங்கள் வரைந்தார்.

வாட்டர் கலர் பழகியவர்களுக்குத் தெரியும்: வெள்ளைக்குப் பெரும்பாலும் சாயம் பூசுவதில்லை, தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். எதை வரையாமல் விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யணும். முயலின் ரோமம் மாதிரி ஒன்றை வரையும்போது அது லேசான வேலை இல்லை.

முதலில் அனுப்பிய நிறுவனம் படங்களைத் திருப்பிவிட்டது. அடுத்து ஹில்டெஷைமர் அண்ட் ஃபாக்னர் ஆறு பவுண்டு கொடுத்து வாங்கியது. சந்தோஷத்தில் பெஞ்சமினுக்கு ஒரு கப் சணல் விதை விருந்து வைத்தார். மறுநாள் முயலுக்குப் போதை ஏறி, கட்டுக்கடங்காமல் போய்விட்டது!

படங்கள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு அட்டைகளாக வந்தன. பிறகு ஒரு சிறு கவிதைப் புத்தகத்திலும் இடம்பெற்றன. வரைந்தவர் பெயர்? எச்.பி.பி. என்ற மூன்று எழுத்து மட்டும்தான். பெண் என்றே தெரியாது.

அறிவியல் பக்கமும் போனார். காளான்களை நுண்ணோக்கியில் பார்த்து நூற்றுக்கணக்கில் வரைந்தார். காளான் வித்துகள் முளைப்பது பற்றி அவர் எழுதிய கட்டுரை 1897-இல் லின்னியன் சங்கத்துக்குப் போனது. பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லாததால் அவர் போக முடியவில்லை. அந்தச் சங்கம் தவறை ஒப்புக்கொண்டது நூறு வருஷம் கழித்து, 1997-இல்.

பீட்டர் ராபிட் கதையைப் பல பதிப்பகங்கள் மறுத்தன. 1901-இல் சொந்தக் காசில் 250 பிரதி அச்சிட்டார். அடுத்த வருஷம் வார்ன் நிறுவனம் வண்ணத்தில் வெளியிட்டது; அதன்பின் நடந்தது உங்களுக்கே தெரியும். 1905-இல் பதிப்பாளர் நார்மன் வார்னுடன் நிச்சயம் ஆனது. வியாபாரக் குடும்பம் என்று பெற்றோருக்குப் பிடிக்கவில்லை. ஒரே மாதத்தில் நார்மன் ரத்தப் புற்றுநோயால் இறந்துவிட்டார்.

புத்தகக் காசு நிலமானது

அதே வருஷம் வடக்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார். பிறகு ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே போனார். 1913-இல் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸைத் திருமணம் செய்து அங்கேயே தங்கி, ஹெர்ட்விக் ஆடு வளர்ப்பதில் பெயர் வாங்கினார்.

ரப்பரும் செம்பனையும் நின்ற இடம் தாமானாக மாறுவதைப் பார்த்தவர்கள் நாம். எஸ்டேட்டில் வேலை பார்த்த நம் தாத்தா பாட்டிக்கு அந்த நிலத்தில் ஒரு சொல்லும் இருந்ததில்லை. பியாட்ரிக்ஸிடம் பணம் இருந்தது. வீடுகட்டி விற்பவர்கள் கைக்குப் போகக்கூடிய மலைப்பண்ணைகளை வாங்கி, குடியானவர்கள் அங்கேயே ஆடு மேய்க்கும்படி விட்டார்.

வயதான காலத்தில் அவர் மறுபடியும் கிறிஸ்துமஸ் அட்டைக்குப் படம் வரைந்தார். இந்த முறை தனக்காக இல்லை, நோயுற்ற குழந்தைகளுக்கு உதவும் ஒரு சங்கத்துக்காக.

1943 டிசம்பர் 22, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு இறந்தார். 4,000 ஏக்கருக்கு மேல் நிலம் நேஷனல் டிரஸ்ட்டுக்குப் போனது. அவருடைய அஸ்தியை ஆட்டு மேய்ப்பர் ஒருவர் மலையில் தூவினார். எந்த இடம் என்பது ரகசியமாகவே இருக்கிறது.