ஜான் நியூட்டன் ஐயர்

பாவத்தைப் பாவமென்று கூறுதல் நம் கடமை. ஒருவனுடைய ஆத்துமாவின் முடிவைத் தீர்ப்பதோ தேவனுக்கேயுரியது. இவ்வேற்றுமையைத் தம் ஜீவியத்தால் விளக்கியவர் ஜான் நியூட்டன் ஐயர்.

இவர் 1725-ஆம் ஆண்டில் லண்டனிற் பிறந்து, இளமையிலேயே கப்பற்றொழில் புகுந்து, தெய்வநிந்தனை பேசித் திரிந்தார். 1748-இல் நடுக்கடலிற் புயலில் அகப்பட்டுக் கர்த்தரை நோக்கிக் கதறினார். அதன் பின்னும், 1754 வரையில், அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களிலேயே ஊழியஞ்செய்து, அவற்றிற்குத் தலைவராகவும் இருந்தார் என்பதை நாம் மறைத்தலாகாது.

1764-இல் குருப்பட்டம் பெற்று ஓல்னி என்னும் ஊரில் போதகரானார். ஆங்கு அவருக்கு உற்ற நண்பராய் வாய்த்தவர் வில்லியம் கூப்பர் என்னும் கவிஞர். 1773-இல் கூப்பர் சித்தங் கலங்கி, தேவன் தம்மை என்றைக்குமாகத் தள்ளிவிட்டாரென்று நம்பி, தம்முயிரை மாய்த்துக்கொள்ளவும் துணிந்தார். அச்செய்கையை அக்காலத்தார் பெரும்பாவமென்றெண்ணினர். ஐயரோ அவரைத் தம் மனையில் ஓராண்டுக்கு மேல் வைத்துப் பராமரித்தார். 1800-இல் மரிக்குமளவும் கூப்பருக்கு அவ்வெண்ணம் அடியோடு நீங்கவில்லை. ஆயினும் நண்பர் தம்மேல் தாமே கூறிக்கொண்ட அத்தீர்ப்பை ஐயர் ஏற்றிலர்.

பாவத்தையோ அவர் மென்மையாய்ப் பேசினாரல்லர். 1788-இல் அடிமை வியாபாரத்தின் கொடுமைகளைச் சிறு நூலொன்றில் வெளியிட்டு, அதில் தமக்கிருந்த பங்கையும் அறிக்கையிட்டார். 1807-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அவ்வியாபாரத்தைத் தடுத்துச் சட்டமியற்றிற்று. அவ்வாண்டு டிசம்பரில் ஐயர் காலமானார்.

அக்கப்பல்தளத்தில் அவரைக் கண்ட ஒருவன், இத்தொழில் கொடியதென்று சொல்லியிருந்தால் நியாயமே. இம்மனிதன் கெட்டே போனானென்று முடித்திருப்பின், அவன் சொல் பொய்த்திருக்கும். நாமும் பிறரை நோக்குங்கால் இதனை நினைவிற்கொள்வோமாக.