கையொப்பத்தால் உயிர் காத்தவர்

அரசு அலுவலர் ஒருவர் ஒரு தாளில் கையொப்பமிடுவது நாள்தோறும் நாம் காணும் எளிய செயல். அவ்வெளிய செயலே ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான மக்களுக்கு வாழ்வாகவும், கையொப்பமிட்டவரின் குடும்பத்துக்குத் தாழ்வாகவும் முடிந்தது. போர்த்துகல் நாட்டின் துணைத் தூதராக விளங்கிய அரிஸ்டிடஸ் டி சௌசா மெண்டஸ் அவர்களின் வரலாறு அத்தகையது.

அவர் 1885 ஜூலை 19ஆம் நாள், போர்த்துகலின் கபானாஸ் டி விரியாடோ என்னும் சிற்றூரில், குலப்பெருமை மிக்க கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் நீதிபதி. உடன் பிறந்த இரட்டையர் சேசர். இருவரும் கோயம்ப்ரா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று அயலுறவுப் பணியில் சேர்ந்தனர். 1908இல் உறவுக்காரப் பெண்ணான ஆஞ்சலினாவை அரிஸ்டிடஸ் மணந்தார். சான்சிபார், பிரேசில், அமெரிக்கா, பெல்ஜியம் எனப் பணி அழைத்த இடமெல்லாம் குடும்பமும் உடன் சென்றது. அவர்களுக்குப் பிறந்த மக்கள் பதினால்வர்.

அவர் குறையே இல்லாதவர் என்று சொல்வதற்கில்லை. கணக்கு வழக்குகளில் மேலிடத்தின் கண்டனத்துக்கு முன்பே ஆளானவர். மணவாழ்க்கைக்கு வெளியே ஓர் உறவும் அதன் வழி ஒரு மகளும் அவருக்கு உண்டு. நம்மைப் போன்ற ஒரு மனிதரே அவர். அதனாலேயே அவர் செய்த செயல் நம் சிந்தனைக்கு உரியதாகிறது.

1938இல் பிரான்சின் போர்தோ நகரத்துக்குத் துணைத் தூதராக அவர் அனுப்பப்பட்டார். போர்த்துகலை அப்போது ஆண்டவர் சர்வாதிகாரி சலசார். அயலுறவுத் துறையும் அவர் கையிலேயே இருந்தது. போரில் நடுநிலை வகித்த அந்த அரசு, 1939 நவம்பர் 11 அன்று பதினான்காம் எண் சுற்றறிக்கையைத் தன் தூதரகங்களுக்கு விடுத்தது. நாடற்றவர்கள், தாய்நாட்டினின்றும் துரத்தப்பட்ட யூதர்கள் முதலியோருக்கு லிஸ்பனின் முன்னனுமதியின்றி விசா வழங்கலாகாது என்பது அதன் சாரம். எவருக்குப் புகலிடம் தலையாய தேவையோ, அவரை நோக்கியே கதவு சாத்தப்பட்டது.

1940 ஜூன் 14இல் பாரிஸ் ஜெர்மானியர் வசமாயிற்று. பிரெஞ்சு அரசே போர்தோவுக்கு இடம்பெயர்ந்தது. அதனுடன் அகதிகளின் பெருவெள்ளமும் அந்நகரில் வந்து மோதியது. இனித் தப்பும் வழி ஒன்றே. ஸ்பெயினைக் கடந்து லிஸ்பனை அடைந்து கப்பலேற வேண்டும். போர்த்துகலின் விசா இல்லாதவரை ஸ்பெயின் தன் மண்ணில் கால்வைக்க விடாது. ஆகவே அகதிகளின் உயிர், ஒரு முத்திரையிலும் அதன் கீழ் இடப்படும் கையொப்பத்திலும் தொங்கியது.

அந்தக் கூட்டத்தில் சயிம் குரூகர் என்ற யூத சமயகுருவும் இருந்தார். போலந்தில் பிறந்து பெல்ஜியத்தில் வாழ்ந்தவர். மனைவியுடனும் ஐந்து குழந்தைகளுடனும் ஓடி வந்திருந்தார். சௌசா மெண்டஸ் அக்குடும்பத்தைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். அவர்களுக்கு விசா வழங்க லிஸ்பனிடம் இசைவு கேட்டார். இசைவு மறுக்கப்பட்டது. மறுப்பையும் மீறி அவர்களுக்கு மட்டும் விசா தர அவர் முன்வந்தார். அப்போது நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் உயிர்நிலை. குரூகர் அதை ஏற்கவில்லை. தெருவில் நிற்கும் தம் மக்கள் அனைவருக்கும் கிடைக்காத விடுதலை தமக்கும் தம் குழந்தைகளுக்கும் வேண்டாமென்றார்.

ஒரு தந்தையின் மறுப்பு மற்றொரு தந்தையைத் தைத்தது. சௌசா மெண்டஸ் நோயுற்றவராய்ப் படுக்கையில் வீழ்ந்தார். ஒருபுறம் அரசாணையும் தம் பிள்ளைகளின் எதிர்காலமும். மறுபுறம் வாயிலில் நிற்கும் முன்பின் அறியாத மக்கள். மூன்று நாள்கள் கழித்து, ஜூன் 17ஆம் நாள் எழுந்து வந்தார். இனம், சமயம், நாடு எதுவும் பாராமல் கேட்பவர் எவருக்கும் விசா தரப்படும் என்று அறிவித்தார்.

அதன்பின் தூதரகம் இரவு பகலாக இயங்கியது. கட்டணம் வாங்கப்படவில்லை. பெயர்களைப் பதிவேட்டில் எழுத நேரமில்லை. நீண்ட பெயரைச் சுருக்கி மெண்டஸ் என்று மட்டும் ஒப்பமிட்டார். மகன்மார் உதவினர். குரூகரே தெருவில் நின்றோரின் கடவுச்சீட்டுகளைக் கட்டுக் கட்டாகத் திரட்டிக் கொண்டு வந்தார். போலந்துக் கவிஞர் ஜூலியன் டூவிம், ஓவியர் சால்வடோர் டாலி போன்ற புகழாளரும் பெயரறியா எளியோரும் அந்தக் கையொப்பத்தால் உயிர் பிழைத்தனர். பின்னர் பயோன் நகருக்கும் எல்லையூரான ஆந்தாய்க்கும் சென்று அங்கும் விசா வழங்கினார். காப்பாற்றப்பட்டோரின் எண்ணிக்கை பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர்கள் ஆயிரக்கணக்கானோர் என்பதில் ஐயமில்லை.

ஜூன் 24இல் சலசார் அவரைத் திரும்ப அழைத்தார். ஒழுங்கு நடவடிக்கை தொடர்ந்தது. ஓராண்டு பாதிச் சம்பளத்தில் பணியின்றி இருத்தல், அதன்பின் கட்டாய ஓய்வு என்பது அதே ஆண்டு அக்டோபரில் வந்த தண்டனை. கடன் பெருகியது. அயலாரின் குழந்தைகளுக்கு வழி திறந்தவரின் குடும்பம், லிஸ்பனில் யூத சமூகத்தார் அகதிகளுக்காக நடத்திய உணவுச்சாலையில் பசியாற நேர்ந்தது. பிள்ளைகள் வாழ்வு தேடி அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் பிரிந்து சென்றனர். 1948இல் ஆஞ்சலினா மறைந்தார். 1954 ஏப்ரல் 3ஆம் நாள், லிஸ்பனில் பிரான்சிஸ்கன் துறவியரின் மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். தக்க உடை இல்லாமையால் துறவியரின் அங்கியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மூதாதையர் மாளிகை கடனுக்கு விலையாகிப் பாழடைந்தது.

தந்தையின் பெயரில் படிந்த களங்கத்தைத் துடைக்கப் பிள்ளைகள் ஓயாது பாடுபட்டனர். 1966இல் இஸ்ரேலின் யாத் வசேம் நிறுவனம், யூதரைக் காத்த பிற இனத்துச் சான்றோர் வரிசையில் அவரைச் சேர்த்தது. போர்த்துகல் நாடாளுமன்றம் 1988இல்தான் அவரை மீண்டும் பணியில் அமர்த்தித் தூதர் நிலைக்கு உயர்த்தியது. அப்போது அவர் மறைந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2021இல் தேசிய நினைவு மண்டபத்தில் அவருக்கு நினைவுக்கல் அமைந்தது. பாழடைந்து கிடந்த மாளிகை புதுப்பிக்கப்பட்டு, 2024இல் அவர் பிறந்தநாளன்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

குரூகர் குடும்பம் போர்த்துகல் வழியே 1941இல் அமெரிக்கா சேர்ந்தது. தம் வீட்டார் மட்டும் பிழைத்தால் போதுமென்று அவர் அந்த விசாவை ஏற்றிருந்தால், சௌசா மெண்டஸ் ஒரு குடும்பத்தை மறைவாகக் காத்த நல்லவராகவே எஞ்சியிருப்பார். காப்பாற்றியவரைப் போற்றும்போது, அவருக்கு அந்த வழியைக் காட்டிய அகதியையும் நினைத்தல் நம் கடன். கையொப்பம் சௌசா மெண்டசுடையது. அதை எல்லார்க்கும் உரியதாக்கியது குரூகரின் மறுப்பு.