ஹல் இல்லத்து ஜேன் ஆடம்ஸ் அம்மையார்

சிகாகோ என்னும் நகரின் பெயர் நம் ஜைன அன்பர்களுக்குப் புதியதன்று. 1893ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அங்குக் கூடிய உலக சமயப் பேரவையில் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி அவர்கள் ஜைன சமயத்தின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டு உரையாற்றிய வரலாற்றை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அப்பேரவை கூடிய மண்டபத்திலிருந்து இரண்டு கல் தொலைவுக்குள், அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அம்மையார் தொடங்கியிருந்த அறப்பணியைப் பற்றி நம்மவர் அறிந்தது குறைவே. பிழைப்பை நாடிக் கடல் கடந்து வந்து, மொழி தெரியாத நகரில் திகைத்து நின்ற ஏழைக் குடும்பங்களுக்குத் துணை நின்ற ஜேன் ஆடம்ஸ் அம்மையாரின் வரலாற்றை இவ்விதழில் காண்போம்.

அம்மையார் 1860ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் இல்லினாய் மாநிலத்தில் சீடர்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஜான் ஆடம்ஸ் ஆலை உரிமையாளர். மாநில மேலவையில் பல்லாண்டுகள் உறுப்பினராக இருந்தவர். ஆப்ரகாம் லிங்கனின் நண்பர். செல்வம் நிறைந்த இல்லமாயினும் குழந்தைப் பருவம் இன்பமாகக் கழியவில்லை. இரண்டு வயதில் தாயை இழந்தார். முதுகெலும்பைத் தாக்கிய காசநோயால் அவரது முதுகு சிறிது வளைந்தே போயிற்று. ராக்ஃபோர்டு பெண்கள் கல்லூரியில் கல்வியை முடித்த 1881ஆம் ஆண்டிலேயே தந்தையாரும் மறைந்தார். மருத்துவராக விரும்பிப் பிலடெல்பியா சென்றவரை நோய் மீண்டும் படுக்கையில் தள்ளியது, படிப்பு நின்றது. அக்காலத்தில் கற்ற பெண்ணுக்குத் திருமணம் அல்லாத வேறு பணி ஏதும் எளிதில் வாய்க்காது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் என்ன செய்வதென்று அறியாமல் அவர் உள்ளம் அலைந்தது.

அந்நாள்களில் இருமுறை ஐரோப்பா சென்று வந்தார். 1883இல் இலண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு சனிக்கிழமை இரவு, அழுகத் தொடங்கிய காய்கறிகள் ஏலம் விடப்படுவதையும், அவற்றுக்காக மெலிந்த கைகள் பல மேலே உயர்வதையும் கண்டார். அந்தக் கைகளை அவரால் மறக்க முடியவில்லை. ஆயினும் ஐந்து ஆண்டுகள் கழித்தே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அதற்குக் காரணமான நிகழ்ச்சியும் நம் சிந்தனைக்கு உரியது. 1888இல் மேட்ரிட் நகரில் காளைச் சண்டை பார்க்கச் சென்றார். காளைகளும் குதிரைகளும் குத்துண்டு மடிவதை அருவருத்து உடன் வந்தோர் வெளியேறினர். இவரோ பழங்கால வரலாறுகளை எண்ணியவாறு கடைசி வரை அமர்ந்திருந்தார். உயிர்கள் துடித்துச் சாவதை இவ்வளவு அமைதியாகக் காண நேர்ந்ததே என்ற வெட்கம் அன்று மாலை அவரைப் பற்றியது. ஏழைகளுக்கு உதவுவதாகக் கனவு கண்டு கொண்டே காலத்தை வீணாக்கும் தம் நிலையும் இத்தகையதே என உணர்ந்தார். மறுநாளே தம் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாரிடம் மனத்திலிருந்த திட்டத்தைக் கூறினார். பின்னர் இலண்டன் சென்று, கற்றோர் ஏழைகளிடையே சென்று குடியிருந்து தொண்டாற்றும் டாயின்பீ மண்டபத்தை நேரில் கண்டு திரும்பினார்.

சிகாகோவில் ஹால்ஸ்டெட் தெருவில் சார்லஸ் ஹல் என்பவர் 1856இல் கட்டிய மாளிகை ஒன்று பாழடைந்து கிடந்தது. ஒருபுறம் ஈமக்கடன் நடத்தித் தருபவரின் கடை, மறுபுறம் மதுக்கடை. 1889ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் தோழியர் இருவரும் அங்குக் குடிபுகுந்தனர். அவ்வீடே ஹல் இல்லம் எனப் பெயர் பெற்றது. உரிமையாளரான ஹெலன் கல்வர் அம்மையார் அடுத்த ஆண்டே வாடகை வேண்டாமென விட்டுக் கொடுத்தார்.

சுற்றிலும் வாழ்ந்தோர் இத்தாலியர், கிரேக்கர், ஜெர்மானியர், அயர்லாந்தார், பொஹீமியர், ரஷ்யாவிலும் போலந்திலும் இருந்து வந்த யூதர் எனப் பல இனத்தவர். ஒரு தெருவின் பேச்சு மறு தெருவுக்கு விளங்காது. இவர்களிடையே அம்மையார் முதலில் செய்தவை பெரிய செயல்கள் அல்ல. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டினார். நோயாளியின் அருகில் விழித்திருந்தார். இறந்தவர் உடலை அடக்கத்துக்கு ஆயத்தம் செய்தார். மணமாகாத பெண் ஒருத்தி பேறுகால வலியில் துடித்தபோது, அக்கம்பக்கத்தார் அவளைத் தொடவும் மறுத்தனர். அம்மையாரே சென்று பிள்ளைப்பேறு பார்த்தார்.

குழந்தைகள் காப்பகம் தோன்றிய கதை நெஞ்சை உருக்குவது. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்ல, பிள்ளைகள் வீட்டில் பூட்டி வைக்கப்பட்டனர். முதல் கோடைக் காலத்திலேயே ஊனமுற்ற மூன்று குழந்தைகள் அம்மையாரின் கண்ணில் பட்டனர். ஒரு குழந்தை மூன்றாம் மாடிச் சன்னலிலிருந்து விழுந்தது; ஒன்று நெருப்பில் வெந்தது. மூன்றாவது குழந்தையை மூன்று ஆண்டுகளாகச் சமையலறை மேசைக் காலில் கட்டிப் போட்டிருந்தனர். முதுகெலும்பு வளைந்து விட்டது. நண்பகலில் அண்டைத் தொழிற்சாலையிலிருந்து ஓடி வரும் அண்ணன் மட்டும் கட்டவிழ்த்து, தன் உணவைப் பகிர்ந்து கொடுத்துவிட்டுப் போவான். வளைந்த முதுகின் துயரை அம்மையாருக்கு வேறு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வாறு மழலையர் பள்ளி, காப்பகம், மாலை வகுப்புகள், ஆங்கிலம் கற்பித்தல், உழைக்கும் பெண்களுக்குக் கூட்டுறவு விடுதி, விளையாட்டுத் திடல் என ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்து, 1907 அளவில் ஹல் இல்லம் 13 கட்டடங்களாக விரிந்தது. ஆனால் அம்மையாரின் பெருமை கட்டடங்களின் எண்ணிக்கையில் இல்லை. தாம் உதவ வந்த மக்களிடமே பாடம் கேட்கும் மனம் அவருக்கு இருந்தது. அதனையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

அடுத்திருந்தோர் சத்துள்ள உணவு உண்ண வேண்டும் என்று கருதி, அறிவியல் முறைப்படி சமைக்கும் பொதுச் சமையலறை ஒன்றை நிறுவினார். அளந்து, நிறுத்து, முறையாக ஆக்கிய உணவு அது. ஆயினும் எதிர்பார்த்த அளவு வாங்க ஆளில்லை. இத்தாலியருக்கு இத்தாலிய உணவே வேண்டியிருந்தது. உடலுக்கு நல்லதைக் காட்டிலும் நாவுக்குப் பிடித்ததையே உண்ண விரும்புவதாக ஒரு பெண்மணி வெளிப்படையாகவே கூறிவிட்டார். அம்மையார் சினம் கொள்ளவில்லை. அங்குத் திறந்த காப்பிக் கடை மக்கள் கூடும் இடமாயிற்று.

இதனினும் கசப்பான பாடம் 1893ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியை அடுத்த குளிர்காலத்தில் கிடைத்தது. வேலையிழந்தோர் நகரெங்கும் திரிந்தனர். தொழிற்சாலை ஒன்றில் சரக்கு அனுப்பும் எழுத்தராக இருந்த ஒருவர் உதவி கேட்டு வந்தார். வேலை கிடைக்குமாயின் அதனை முயன்று பார்த்த பின்னரே உதவி கேட்க வேண்டும் என்பது அக்கால அறநிலையங்களின் விதி. அவ்விதிப்படி, நகரின் வடிகால் கால்வாய் வெட்டும் பணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அம்மையார் அவரிடம் கூறினார். எந்நாளும் அறைக்குள் அமர்ந்து உழைத்தவன் தான் என்றும், குளிரில் வெளி வேலையைத் தன் உடல் தாங்காது என்றும் அவர் சொல்லிப் பார்த்தார். விதி விதியாகவே நின்றது. அவர் மறுபேச்சின்றிச் சென்றார். இரண்டு நாள் மண் வெட்டினார். நிமோனியாக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரத்தில் இறந்தார். அவர் விட்டுச் சென்ற இரண்டு குழந்தைகளையும் அம்மையார் பின்னாளில் கண்காணித்தே வந்தார். எனினும் அவர்களைக் காணும்தோறும் அவர் நெஞ்சு உறுத்திற்று. ஒருவரது வாழ்க்கையையும் பழக்கங்களையும் முழுதும் அறியாமல் விதியைக் கொண்டு உதவி அளந்து கொடுப்பது அறமன்று என்பதை இந்நிகழ்ச்சியால் தெளிந்ததாக, 1910இல் வெளியிட்ட ‘ஹல் இல்லத்தில் இருபது ஆண்டுகள்’ என்னும் நூலில் அவரே மறைக்காமல் எழுதினார். சங்கங்களும் அறக்கட்டளைகளும் நடத்துவோர், விண்ணப்பப் படிவங்களை நிரப்பச் சொல்லுமுன் ஒருமுறை படிக்கத்தக்க பகுதி இது.

1895இல் ஹல் இல்லத்தார் வெளியிட்ட நூலொன்றில், அப்பகுதியின் ஒவ்வொரு வீட்டிலும் எந்நாட்டவர் வாழ்கின்றனர், வாரக்கூலி எவ்வளவு என்பன வண்ண வரைபடங்களாகத் தீட்டப்பட்டன. அவ்வாண்டிலேயே அம்மையார் 1,000 டாலர் ஆண்டுச் சம்பளத்தில் வட்டாரக் குப்பை ஆய்வாளராக அமர்த்தப்பட்டார். செல்வர் வீட்டுப் பெண் விடியற்காலை ஆறு மணிக்கு எழுந்து குப்பை வண்டிகளின் பின்னே சென்றதை ஊரார் வியந்து பார்த்தனர். குறுகலான தெரு ஒன்றில் 18 அங்குல ஆழத்துக்குக் குப்பையை வாரிய பின்னரே, அடியில் கல் பாவிய தளம் இருப்பது தெரிய வந்தது! சிகாகோ வட்டங்களுள் இறப்பு விகிதத்தில் மூன்றாம் இடத்திலிருந்த அப்பகுதி ஏழாம் இடத்துக்கு இறங்கியது.

சட்டத்தின் துணையையும் அவர் நாடாமல் இல்லை. முதல் கிறிஸ்துமஸ் விழாவில் சிறுமியர் சிலர் கொடுத்த மிட்டாயை வேண்டாமென மறுத்தனர். காரணம் கேட்டபோது, அவர்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை உழைப்பவர்கள் என்பதும், மிட்டாயைக் கண்டாலே அவர்களுக்கு வெறுப்பு என்பதும் தெரிந்தன. ஹல் இல்லத்தில் தங்கியிருந்த ஃபிளாரன்ஸ் கெல்லி அம்மையாரின் முயற்சியால் 1893இல் இல்லினாய் மாநிலத் தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறியது. 14 வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலைகளில் அமர்த்துவது தடை செய்யப்பட்டது. பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை என்ற விதியை மட்டும் 1895இல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது.

குடியேறிய குடும்பங்களில் மற்றொரு துன்பமும் இருந்தது. பிள்ளைகள் ஆங்கிலம் பேசி அமெரிக்கராயினர். தாய்மார் பழைய உடையிலும் மொழியிலும் நின்றனர். தெருவில் ஒரு முதிய இத்தாலியப் பெண் தக்களியில் நூல் நூற்பதைக் கண்ட அம்மையார், பல நாட்டு இராட்டைகளையும் தறிகளையும் வைத்து, அம்முதியோரே செய்து காட்டும் தொழில் அருங்காட்சியகத்தை 1900இல் தொடங்கினார். அங்கு நூற்க வந்த இத்தாலியத் தாய் ஒருத்தியின் மகள், சமையல் வகுப்புக்கு வேறு வாயில் வழியாகவே நுழைவாள். முக்காடும் முரட்டுக் காலணியும் அணிந்தவள் தன் தாய் எனப் பிறர் அறியலாகாதென்ற கூச்சம்! ஒரு மாலை, பல்கலைக்கழகத்திலிருந்து வந்தோர் தன் தாயைச் சூழ்ந்து நின்று அவள் கைத்திறனை வியப்பதைக் கண்டாள். அந்தத் தாய் வாழ்ந்த சிற்றூரையும் அவள் விட்டு வந்தவற்றையும் அம்மையார் எடுத்துரைத்தார். பின்னர் அம்மகள் தாயுடன் ஒரே வாயிலில் வந்தாள். பெட்டிக்குள் மறைத்து வைத்திருந்த வீட்டு நெசவுத் துணிகளும் வெளியே வந்தன. கிராமத்துப் பாட்டியின் பேச்சைக் கேட்டு நெளியும் நகரத்துப் பேரப்பிள்ளைகள் நம் இல்லங்களிலும் இல்லாமலில்லை.

நம் நூல்கள் அபயதானம் என்று போற்றுவதற்கு ஒப்பான பணி 1908இல் தொடங்கியது. தனியே வந்திறங்கும் இளம்பெண்கள் புகைவண்டி நிலையத்திலேயே ஏமாற்றப்பட்டனர். வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன தரகர்கள் பணத்தைப் பறித்தனர். ஹல் இல்லத்தைச் சேர்ந்தோர் முன்னின்று குடியேறியோர் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். அதனைக் கிரேஸ் அபட் அம்மையார் நடத்தினார். நிலையத்துக்கு எதிரே வரவேற்பு அறை ஒன்று திறக்கப்பட்டது. அவரவர் மொழி பேசுவோர் அங்கிருந்து, வருவோரை உற்றாரிடம் சேர்ப்பித்தனர்.

1896இல் ரஷ்யா சென்று டால்ஸ்டாயைக் கண்ட செய்தியையும் கூறாமல் விடுவதற்கில்லை. வயலிலிருந்து வந்த அப்பெரியவர், அம்மையாரின் அகன்ற சட்டைக் கையை இழுத்துப் பார்த்து, அத்துணியில் ஒரு சிறுமிக்கு உடை தைக்கலாமே என்றார். வருவாய் தொலைவிலுள்ள நிலத்திலிருந்து வருகிறதென அறிந்து அதனையும் கண்டித்தார். மனம் நொந்த அம்மையார், ஊர் திரும்பியதும் நாள்தோறும் இரண்டு மணி நேரம் தம் கையால் ரொட்டி சுடுவதென உறுதி பூண்டார். ஆனால் சிகாகோவில் காலையிலேயே வாயிலில் காத்திருக்கும் எளியோரைக் கண்டதும், அவர்களை நிற்க வைத்துவிட்டுத் தம் மன நிறைவுக்காக ரொட்டி சுடுவது பொருந்தாதென அதனைக் கைவிட்டார். அவர் முடிவே சரியென்பது எம் எண்ணம்.

1909இல் கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கத்தை நிறுவியோருள் அவரும் ஒருவர். எனினும் ஹல் இல்லத்தின் அன்றாடப் பணி பெரும்பாலும் ஐரோப்பியக் குடியேறிகளையும், பின்னர் மெக்சிகோவிலிருந்து வந்தோரையுமே சூழ்ந்திருந்தது. அவ்வளவு அகன்ற வாயிலும் எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

முதல் உலகப் போர் மூண்டபோது, 1915இல் ஹேக் நகரில் கூடிய பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, போரிடும் நாடுகளின் தலைவர்களை நேரில் கண்டு சமாதானம் வேண்டினார். பல நாட்டவர் ஒரே தெருவில் ஒற்றுமையாக வாழ்வதைக் கண்டவருக்குப் போர் இயற்கையெனத் தோன்றவில்லை. போற்றிய செய்தித்தாள்களே தூற்றின, நண்பர்கள் விலகினர். போர் முடிந்ததும், பகை நாடெனப்பட்ட ஜெர்மனியின் பசித்த குழந்தைகளுக்கு உணவு திரட்டினார். 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் நிக்கலஸ் மரே பட்லருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. பரிசு வழங்கும் நாளில் அவர் மருத்துவமனையில் இருந்தார். பரிசுப் பணத்தைத் தாம் தலைமை ஏற்றிருந்த பெண்கள் அமைதிச் சங்கத்துக்கு ஈந்தார்.

1935ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் அம்மையார் காலமானார். ஹல் இல்லத்து மண்டபத்தில் வைக்கப்பட்ட உடலைக் காண ஆயிரக்கணக்கானோர் வரிசையில் வந்தனர். உடல் சீடர்வில்லில் அடக்கம் செய்யப்பட்டது.

1960களில் பல்கலைக்கழக வளாகம் அமைக்கப் பெரும்பாலான கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அவர் பெயரால் நகரின் வேறு பகுதிகளில் தொண்டாற்றி வந்த சங்கமும், பணம் இன்மையால் 2012ஆம் ஆண்டு சனவரியில் மூடப்பட்டது. 13 கட்டடங்களுள் தோழியர் இருவரும் முதலில் குடிபுகுந்த மாளிகையும், அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்ட உணவுக்கூடமும் மட்டும் எஞ்சின. அவை அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன.