தங்கையின் மரணத்தில் பிறந்த ஆஸ்பத்திரி

கடலூர், சிதம்பரம் பக்கத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் வீட்டாருக்கு நினைவு வரும் ஊர்களில் ஒன்று அடையாறு. சென்னைக்கு ரயிலேறுகிறார்கள்.

அந்த அடையாறு ஆஸ்பத்திரி ஒரு பெண்மணியின் துயரத்தில் பிறந்தது. அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டைப் பெண்

1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர். தாய் சந்திரம்மாள்.

பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அபூர்வமான காலம் அது. ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் அவர் துணிந்து சேர்ந்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1912-ல் டாக்டர் ஆனார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

தீராத துயரம்

அம்மையாரின் தங்கைக்கு நோய் வந்தது. சீதபேதி என்று எண்ணி வைத்தியம் செய்தார்கள். குணமாகவில்லை. மலக்குடலில் புற்றுநோய் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நோய் முற்றிவிட்டது. இளம் வயதிலேயே தங்கை இறந்தார்.

அக்காள் டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனை அவரை விட்டு நீங்கவே இல்லை.

1925-ல் மேல்படிப்புக்காக லண்டன் சென்றார். அங்கே புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பாடம் கேட்டார். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இந்த நோயைக் குணப்படுத்த முடியும் என்று அறிந்தார்.

நாடு திரும்பியதும் சென்னைச் சட்டசபையில் இடம் பெற்றார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் கண்டார். ஆனாலும் தங்கையை மறக்கவில்லை.

12 படுக்கைகள்

புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று 1935-ல் வெளிப்படையாகக் கேட்டார். இந்த நோய் வந்தால் சாவுதான், ஆஸ்பத்திரி எதற்கு என்று பலர் எண்ணினார்கள். அம்மையார் தளரவில்லை. ஊரெங்கும் நன்கொடை திரட்டினார்.

1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி தொடங்கியது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சில ஆண்டுகளில் கோபால்ட் கதிர்க் கருவியும் வந்தது.

அணுவுக்குள் மருந்து

1954-ம் ஆண்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் புரோட்டான் வைத்தியம் செய்யப்பட்டது அந்த ஆண்டில்தான். இந்த யோசனையை 1946-ல் சொன்னவர் ராபர்ட் வில்சன் என்ற விஞ்ஞானி.

புரோட்டான் என்பது என்ன? எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவில் கரு இருக்கிறது. அந்தக் கருவுக்குள் இருக்கும் மிகச் சிறிய துகளே புரோட்டான்.

கடலூரில் புறப்படும் சரக்கு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு சேரவேண்டிய இடம் சிதம்பரம். கோபால்ட் கதிர், வழியெல்லாம் சரக்கை இறக்கிக்கொண்டே சிதம்பரத்தையும் தாண்டிப் போகும் வண்டி. அதனால் நல்ல சதையும் புண்படுகிறது. புரோட்டானோ வழியில் கொஞ்சம் இறக்கி, பெரும்பகுதியைச் சிதம்பரத்தில் இறக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடும் வண்டி. நோய்க்கட்டிக்குப் பின்னால் உள்ள பகுதி தப்பிக்கிறது. வளரும் குழந்தைகளுக்கு இது பெரிய நன்மை.

ஆனால் புரோட்டான்களை அவ்வளவு வேகமாக ஓட்டப் பெரிய இயந்திரம் வேண்டும். செலவும் அதிகம். எல்லாப் புற்றுநோய்க்கும் இது தேவைப்படுவதும் இல்லை.

1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி அம்மையார் காலமானார். 2019-ல் அடையாறுக்குப் பக்கத்தில் உள்ள தரமணியில், தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் புரோட்டான் வைத்தியம் தொடங்கியது.

கருவிகள் எத்தனை வந்தாலும், அம்மையார் தங்கையை இழந்து கற்ற பாடம் மாறவில்லை. ஆறாத புண், கரையாத கட்டி, நிற்காத ரத்தப்போக்கு இருந்தால் நாளைக் கடத்தக்கூடாது. உடனே டாக்டரிடம் காட்டவேண்டும்.