நாதஸ்வரத்தை மேடையில் அமர்த்திய திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை



சென்ற ஆண்டு நம் ஆலயத்தின் வரவு செலவுக் கணக்கைத் தயாரித்தபோது அடியேன் ஒரு பிழை விட்டேன். கூட்டல் கழித்தலில் அல்ல. அவை சரியாகவே இருந்தன. மகோற்சவத்துக்கு வந்து வாசித்த நாதஸ்வர, தவில் கலைஞர்களுக்குக் கொடுத்த தொகையை, குப்பைப் பைகள், ஒட்டுநாடா, வாகனத் தரிப்பிடக் கட்டணம் ஆகியவற்றுடன் சேர்த்து இதர செலவுகள் என்ற தலைப்பின் கீழ் எழுதிவிட்டேன்.

பொதுக்கூட்டத்தில் எவரும் இதைக் கவனிக்கவில்லை, ஒரு மூதாட்டியைத் தவிர. பூவுக்கும் பாலுக்கும் தனித்தனி வரி இருக்கிறதே, மேளத்துக்கு எங்கே தம்பி என்று அவர் கேட்டார். நான் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் தாளை மடித்து வைத்துக்கொண்டார். பின்னர் வேறொருவர் எழுந்து, இனிமேல் ஒலிப்பதிவைப் போட்டால் அந்தச் செலவும் மிச்சமாகுமே என்றார். நேரம் போய்விட்டதால் அந்த விடயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

அந்தக் கூட்டம் வருமுன் ஒரு பெரியவரின் வாழ்க்கையை இங்கு எழுத விரும்புகிறேன். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனாலும் இன்று உலகில் எந்தத் தமிழ்க் கோயிலில் நாதஸ்வரம் கேட்டாலும் அதில் அவருடைய பங்கு உண்டு.

பிறப்பும் பயிற்சியும்

ராஜரத்தினம் பிள்ளை 1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 27ஆம் திகதி தஞ்சை மண்ணில், காவிரிக் கரைச் சைவத் தலமான திருவாவடுதுறையில், இசையையே தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் குப்புசாமிப் பிள்ளை, தாயார் கோவிந்தம்மாள். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். சிறு வயதிலேயே தந்தையை இழந்த பிள்ளையைத் தாய்மாமனாகிய திருமருகல் நடேச பிள்ளை தம் மகனாக ஏற்று வளர்த்தார். பெயரின் முன்னால் உள்ள என் என்ற எழுத்து அந்த மாமனைக் குறிப்பது. நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதஸ்வர வித்துவான்.

முதலில் இவர் கையில் எடுத்தது நாதஸ்வரம் அல்ல. வயலின் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரிடம் வாய்ப்பாட்டுப் பயின்று, பாடகராகவே மேடை ஏறினார். அதன் பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாதஸ்வரம் கற்றார். பாட்டில் வரும் நெளிவு குழைவு எல்லாம் குழலிலும் வரவேண்டும் என்று கடைசிவரை அவர் விடாப்பிடியாக நின்றதற்கு இந்தத் தொடக்கமே காரணம். காலப்போக்கில் மாமனைப் போலவே ஆதீன வித்துவானாகவும் ஆனார்.

நின்றவர் அமர்ந்தார்

அந்தக் காலத்தில் மேளகாரர்களின் நிலை எப்படி இருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிய மாட்டார்கள். சுவாமிக்கு முன்னால் வாசிப்பவர் என்ற பெருமை ஒருபுறம். சாதியின் பெயரால் வந்த தாழ்வு மறுபுறம். மேல்சட்டை அணியக்கூடாது, துண்டை இடுப்பில் கட்டவேண்டும், நின்றுகொண்டே வாசிக்கவேண்டும். பாடுகிறவருக்கும் வீணை வாசிப்பவருக்கும் மேடையில் பாய் விரிக்கப்படும். கல்யாண வீட்டிலோ மேளம் வாசலோடு நின்றுவிடும்.

ராஜரத்தினம் பிள்ளை இந்த வழக்கங்களை ஒவ்வொன்றாக உடைத்தார். குடுமியை எடுத்துவிட்டுத் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டார். கோட்டு அணிந்தார், சேர்வானி அணிந்தார், காலில் சப்பாத்துப் போட்டார். வாய்ப்பாட்டு வித்துவானைப் போல மேடையில் அமர்ந்து வாசிப்பேன், இல்லாவிட்டால் வாசிக்கமாட்டேன் என்று நின்றார். சுருதிக்கு ஒத்து ஊதும் வழக்கத்தை விட்டுத் தம்புராவை வைத்துக்கொண்டார். இதையெல்லாம் ஆணவம் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் அவருக்குப் பின் வந்த ஒவ்வொரு நாதஸ்வரக் கலைஞரும் சட்டையோடு, மேடையில், இருந்து வாசிக்க முடிந்ததற்கு அந்தப் பிடிவாதம் பெருங்காரணம்.

குழலையே மாற்றினார்

அடியேனுக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இது. அக்காலத்தில் பெருவழக்காக இருந்தது திமிரி நாதஸ்வரம். நீளம் குறைந்தது, சுருதி உயர்ந்தது. வீதியில் ஊர்வலத்துக்கு அது மிகப் பொருத்தம். நாலு தெருவுக்குக் கேட்கும். ஆனால் அரங்கினுள் அமர்ந்து மணிக்கணக்கில் ராகம் வாசிக்க அந்தச் சுருதி இடம் கொடுப்பதில்லை. அதோடு சுத்த மத்தியமம் என்னும் சுரம் அதில் சரியான இடத்தில் பேசாது. வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் சமாளிக்கவேண்டும்.

கும்பகோணத்துக்கு அண்மையில் உள்ள நரசிங்கம்பேட்டை, நாதஸ்வரம் செய்வதற்குப் பேர்போன ஊர். அங்கிருந்த ரங்கநாதன் ஆசாரியுடன் சேர்ந்து பிள்ளையவர்கள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த பாரி நாதஸ்வரத்தைச் செம்மைப்படுத்தினார். சுத்த மத்தியமம் அதில் சுத்தமாகவே பேசியது. இன்று நம் கோயில்களில் கேட்கும் நாதஸ்வரங்களில் பெரும்பாலானவை அந்தப் பாரி வழி வந்தவையே. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ஆம் ஆண்டு இந்திய அரசின் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பிள்ளைகளுக்காக ஒரு சிறு விளக்கம். நாதஸ்வரத்தின் நீண்ட மரப்பகுதி உலவு எனப்படும். அது ஆச்சா மரத்தில் கடையப்படுவது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும், பல்லாண்டு காய்ந்த ஆச்சா மரத்தையே ஆசாரிமார் விரும்புவார்கள். அடியில் விரிந்திருப்பது அணசு. மேலே பொருத்தும் உலோகக் குழாய் கெண்டை. அதன் நுனியில் வாயில் வைத்து ஊதுவது சீவாளி. காவிரிக் கரையில் விளையும் நாணலில் செய்யப்படுவது. விரல் வைக்கும் துளைகள் ஏழு. கீழே இன்னும் ஐந்து துளைகள் உண்டு. அவற்றில் வேண்டியதை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரி செய்வார்கள். இவ்வளவு எளிய பொருட்களில் இருந்துதான் அந்தப் பெரிய நாதம் எழுகிறது.

தோடியும் புகழும்

ராஜரத்தினம் பிள்ளை என்றால் தோடி, தோடி என்றால் ராஜரத்தினம் பிள்ளை என்று ஆகிவிட்டது. அந்த ராகத்தில் வருவதும் சுத்த மத்தியமமே. அதற்காகக் குழலையே மாற்றியவர் அதில் உச்சத்தைத் தொட்டது பொருத்தம்தானே! இரவுத் திருவிழாவில் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் வாசிப்பார், சனம் கலையாது. பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் கிராமபோன் தட்டிலும் அவர் தோடி வெளிவந்து வீடு வீடாகப் போயிற்று. கோயிலுக்கு வெளியே, கோப்பிக் கடையிலும் கல்யாண வீட்டிலும் அந்தத் தட்டு சுழன்றது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் அவருடன் சேர்ந்த கச்சேரிகளைக் கேட்டவர்கள் ஆயுள் முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்ற பட்டம் அவர் பெயருக்கு முன்னால் நிலைத்தது.

1940ஆம் ஆண்டு எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய காளமேகம் திரைப்படத்தில் கவி காளமேகமாகவும் நடித்தார். படம் பெரிதாக ஓடவில்லை. அவருக்கு அது ஒரு குறையாகவும் இருக்கவில்லை.

1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் திகதி இந்தியா விடுதலை பெறும் இரவு. திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து தம்பிரானும் ஓதுவாரும் செங்கோலுடன் டில்லி சென்று, நேருவின் இல்லத்தில் அதை அவரிடம் கையளித்தார்கள். அவர்களுடன் சென்று நாதஸ்வரம் வாசித்தவர் ராஜரத்தினம் பிள்ளை. சில ஆண்டுகளுக்கு முன்வரை இடுப்பில் துண்டு கட்டி வாசலில் நிற்கவேண்டியிருந்த வாத்தியம், அன்று ஒரு நாட்டின் தலைவாசலுக்கே மங்கலம் சொன்னது.

குறைகளும் முடிவும்

பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது குறைகளை மறைப்பது நம்மவர் வழக்கம். கணக்கு எழுதுபவன் வரவை மட்டும் காட்டக்கூடாது. பிள்ளையவர்கள் சொன்ன நேரத்துக்கு வராமல் விழாக்காரரைத் தவிக்க விட்டதுண்டு. மதுப்பழக்கம் இருந்தது. கை நிறையச் சம்பாதித்தார், அதைவிட வேகமாகச் செலவழித்தார். 1956ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் திகதி சென்னையில் காலமானபோது அவருக்கு வயது 58. பெரிய சேமிப்பு எதுவும் இருக்கவில்லை.

ஆனால் ஐந்தொகையில் எழுத முடியாத சொத்து ஒன்றை விட்டுச் சென்றார். அவர் சீடரான காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தை 1962இல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் கேட்காத தமிழர் இல்லை. ஆந்திர மண்ணில் இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, ராஜரத்தினம் பிள்ளையை மானசீகக் குருவாகக் கொண்டு, ஸ்ரீரங்கத்தில் குடியேறி அரங்கநாதர் சந்நிதியில் வாசித்தார். பிறப்பும் மொழியும் அந்தக் குழலுக்குத் தடையாகவில்லை.

கடல் கடந்த குழல்

நம் ஈழத்துக் கோயில்களுக்கும் இந்தக் காவிரிக் கரைக்கும் உள்ள உறவு பழையது. திருவிழாக் காலத்தில் தமிழ்நாட்டு வித்துவான்கள் யாழ்ப்பாணம் வந்து வாசிப்பதும், நம்மவர் அங்கே போய்ப் பயின்று வருவதும் வழக்கம். ராஜரத்தினம் பிள்ளையும் இலங்கை வந்து வாசித்தவரே. அந்த வழியில் வளர்ந்தவர்கள்தாம் நம் அளவெட்டி என். கே. பத்மநாபன் போன்ற நாதஸ்வர வித்துவான்களும், தமிழ்நாட்டு வித்துவான்களே வியந்து தம்முடன் வாசிக்க அழைத்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தியும்.

அமெரிக்க ஜாஸ் சாக்சபோன் கலைஞர் சார்லி மரியானோ 1960களில் மலேசியாவில் நாதஸ்வரத்தைக் கேட்டு மனம் பறிகொடுத்தார். பின்னர் இந்தியா சென்று அதைக் கற்று, ஐரோப்பிய மேடைகளில் தம் சாக்சபோனுடன் அதையும் வாசித்தார். நம் மொன்ட்ரியால் சிம்பொனி இசைக்குழுவில் ஒபோ வாசிப்பவரின் வாயில் இருப்பதும் நம் சீவாளியைப் போன்ற இரட்டை நாணல்தான். வடஇந்தியாவின் ஷெனாய், துருக்கியின் சூர்ணா, சீனாவின் சுவோனா எல்லாம் அதே குடும்பம். அடுத்த முறை பாடசாலையில் ஒபோவைப் பார்க்கும் நம் பிள்ளைகள், இதன் பெரிய அண்ணன் எங்கள் கோயிலில் இருக்கிறார் என்று ஆசிரியரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

இன்று பாரிசில் மாணிக்க விநாயகர் தேர் இழுக்கும்போதும், ஜெர்மனியின் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் தேர் புறப்படும்போதும், கோலாலம்பூரிலும் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் முன்னே போவது நாதஸ்வரமும் தவிலும்தான். அந்தக் கலைஞர்களில் பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதே இல்லை. ஆனால் தோடி எடுத்தால் எல்லோர் மனதிலும் வருகிறவர் ஒருவரே.

நம் கையில் உள்ளது

சென்ற மகோற்சவத்தில் ஒருநாள் மழை. ரொறொன்ரோவிலிருந்து ஆறு மணிநேரம் வாகனம் ஓட்டி வந்த கலைஞர்கள், நம் மண்டபத்தின் சப்பாத்துத் தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்று சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார்கள். இருக்கக் கதிரை போடவேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. அவர்களும் கேட்கவில்லை. பொருளாளருக்கு உதவியாக அங்கு நின்றவர்களில் அடியேனும் ஒருவன். ஆகவே இது பிறரைக் குற்றம் சொல்லும் எழுத்தல்ல.

ஒலிப்பதிவு மலிவு, மறுக்கவில்லை. ஆனால் சுவாமி வாசலில் ஒரு நொடி தாமதித்தால் ஒலிப்பதிவு காத்திருக்காது. தீபாராதனை கண்டு கெட்டிமேளம் கொட்டாது. முக்கியமாக, அதைப் பார்த்து எந்தப் பிள்ளையும் அம்மா, நானும் இதைப் பழகட்டுமா என்று கேட்காது.

ஆகவே வரும் பொதுக்கூட்டத்தில் அடியேன் மூன்று விடயங்களை முன்வைக்க இருக்கிறேன். முதலாவது, மங்கல இசை என்று கணக்கில் ஒரு தனி வரி. இரண்டாவது, மண்டபத்தில் கொடிமரத்துக்கு வலப்பக்கம் விரிப்புப் போட்ட சிறு மேடை. கலைஞர்கள் அங்கே இருந்து வாசிப்பார்கள். மூன்றாவது, ஆகஸ்ட் 27ஐ ஒட்டி வரும் ஞாயிறு மாலையில் பிள்ளைகளுக்கு நாதஸ்வரத்தையும் தவிலையும் கையில் தொட்டுப் பார்க்க ஒரு மணிநேரம். மூன்றுக்குமான செலவை எழுதிக் கொண்டுவருவேன். அது ஒரு குடும்பத்துக்கு மாதம் எத்தனை டொலர் வரும் என்பதையும் காட்டுவேன். பயப்படும்படியான தொகை அல்ல.

தாளை மடித்து வைத்துக்கொண்ட அந்த அம்மாவும் தவறாமல் கூட்டத்துக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இம்முறை அவர் தேடும் வரி முதற்பக்கத்திலேயே இருக்கும்.